அமுக்கன் மீது விசாரணை

கால்நடை வைரஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாவது மாடியில் செல்லம்மா என்று ஒருத்தி வேலை பார்த்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மாட்டின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களைக் குப்பிகளில் வளர்ப்பது அவள் வேலை. அதனால் முதலில் ‘செல் அம்மா’ என்றார்கள். இரண்டே வருஷத்தில் இடைவெளி தேய்ந்து செல்லம்மா ஆகிவிட்டாள்.

செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒன்றுவிட்டு ஒருநாள் பழைய நீரை உறிஞ்சி எடுத்துப் புதுத் தீனி ஊற்ற வேண்டும். உடம்புச் சூடு மாறாத பெட்டியில் வைக்க வேண்டும். பக்கத்தில் நின்று தும்மக்கூடக் கூடாது. “உன் செல்லுங்க சாப்பிட்டாச்சா? அப்ப எங்களுக்கும் ஏதாவது போடு” என்று அவள் கணவன் பத்தொன்பது வருஷமாக ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் சலிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மொத்தத்தில் குறையில்லாத வாழ்க்கை.

அந்த வருஷம் இயக்குநர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். மதிய உணவு வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற யாரோ இன்டர்ஃபெரான் என்ற சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது இயக்குநர் அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டே வந்து இறங்கினார்.

இன்டர்ஃபெரான் ஒன்றும் புதுசு இல்லை. ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்துவிட்டால், அந்தச் செல் சாவதற்குள் ஒரு புரதத்தை வெளியே விடும். அக்கம்பக்கத்துச் செல்கள் அதைப் பெற்றுக்கொண்டு, ‘ஆள் வந்துட்டான்டி’ என்று கதவைச் சாத்தித் தாழ்போட்டுக்கொள்ளும். சேதி சொல்லும் அந்தப் புரதம்தான் இன்டர்ஃபெரான். செல்லம்மாவுக்கு இது பத்தொன்பது வருஷமாகத் தெரியும். இயக்குநருக்குத் தெரிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஆகவே அவர்தான் அதைப் பற்றிப் பேசினார்.

“எல்லா வைரஸுக்கும் ஒரே ஊசி” என்று நிறுவன வாசலில் பலகை ஏறியது. பலகை ஏறிய மறுநாள், அது உண்மைதானா என்று பார்க்கும்படி செல்லம்மாவுக்கு உத்தரவு வந்தது.

அவள் மூன்று வைரஸ்களை எடுத்துக்கொண்டாள். மூன்றையும் அவள் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்; நிறுவனத்திலும் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. முதலாவது சாது. இன்டர்ஃபெரான் வாசனை பட்டாலே சுருண்டு படுத்துக்கொள்ளும். எந்த இன்டர்ஃபெரானுக்கு எவ்வளவு வீரியம் என்று அளந்து பார்ப்பதற்கே அதைத்தான் வைத்திருந்தார்கள். இரண்டாவது அவசரக்காரன், கோமாரி நோயைக் கொண்டுவருகிறவன். இன்டர்ஃபெரான் முந்திக்கொண்டால் அடங்கிவிடுவான்; இவன் முந்திக்கொண்டாலோ, செல் கூப்பாடு போட வாயைத் திறப்பதற்குள் வாயைப் பொத்திவிடுவான். மூன்றாவதுதான் அமுக்கன். மாட்டுத் தோலில் கொப்பளம் கொப்பளமாகக் கழலை எழுப்பும் அம்மை வைரஸ். அந்த வருஷம் சுற்றுவட்டாரக் கொட்டகைகளில் பரவிக்கொண்டிருந்தது அமுக்கன்தான்.

சோதனை எளிது. தட்டில் இருபத்துநாலு குழி. குழிக்குள் செல்கள் பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். இன்டர்ஃபெரான் விட்டு, மறுநாள் வைரஸ் விட்டு, மூன்று நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்ற வேண்டும். பிழைத்த செல்கள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். செத்தவை உதிர்ந்துபோய் அந்த இடம் வெள்ளையாக நிற்கும்.

சாதுவின் தட்டு முழுக்க ஊதா. அவசரக்காரனின் தட்டு அங்கங்கே சோகை பிடித்த ஊதா. அமுக்கனின் தட்டு, ஓரத்து ஒரு வரிசை போக, மழித்த தலை மாதிரி வெளுத்துக் கிடந்தது. செல்லம்மா மூன்றையும் படம் எடுத்து, அறிக்கை எழுதி, இயக்குநரிடம் கொண்டுபோனாள்.

இயக்குநர் படத்தைத் தூரமாகவும் பக்கமாகவும் வைத்துப் பார்த்தார்.

“இது என்னம்மா, அச்சு சரியா விழலையா?”

“இல்லைங்க சார். அது அம்மை வைரஸ். இன்டர்ஃபெரான் போட்டும் செல்லெல்லாம் செத்துப்போச்சு.”

“செத்துப்போச்சுன்னா எழுதியிருக்கீங்க?”

“ஆமா சார்.”

“அவ்வளவு கடுமையான சொல் எதுக்கு? ‘செல்கள் ஓய்வெடுத்துக்கொண்டன’ன்னு போடலாமே.”

“அது இனிமே எந்திரிக்காதுங்க சார்.”

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் சாய்ந்தால் உரை வரப்போகிறது என்று அர்த்தம். “இங்க பாருங்க. நான் இருபது வருஷமா ஒரு சோதனைகூடப் பண்ணினது இல்ல. அதனாலதான் எனக்கு எந்தப் பாரபட்சமும் கிடையாது. நீங்க தினமும் நுண்நோக்கியிலயே கண்ணை வச்சுட்டு இருக்கீங்க, அதனால இருக்கறதை மட்டும்தான் பாக்கறீங்க. ஒரு நிறுவனம் இருக்கறதை மட்டும் பாத்துட்டிருந்தா எப்படி வளரும்? சாது ஒத்துழைக்குது. அவசரக்காரன் ஓரளவுக்கு ஒத்துழைக்கறான். அப்ப இவனுக்கு மட்டும் என்ன கேடு? ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டியதுதான்.”

“யார் மேல சார்?”

“அதை நிர்வாகம் முடிவு பண்ணும்.”

நிர்வாகம் என்பது நிர்வாக அதிகாரி. விதிமுறைப் புத்தகத்தில் உட்பிரிவு எண் சொல்லாமல் அவர் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். அதனால் ஊழியர்கள் அவரை உட்பிரிவு என்றே அழைத்தார்கள். அவரிடமிருந்து செல்லம்மாவுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. ‘தங்கள் பொறுப்பிலுள்ள மூன்றாம் எண் வைரஸ், நிறுவனத்தின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாட்டுக்கு மாறாக நடந்துகொண்டதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தருக.’

செல்லம்மா இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல விளக்கம் எழுதினாள். செல்லின் வாசலில் இன்டர்ஃபெரானை வாங்கிக்கொள்ள ஒரு கை உண்டு. அமுக்கன் அதே மாதிரி போலிக் கைகளை ஆயிரக்கணக்கில் செய்து வெளியே மிதக்கவிடுகிறான். வருகிற இன்டர்ஃபெரானையெல்லாம் போலிக் கைகள் வாங்கி வைத்துக்கொள்ளும். செல்லுக்குச் சேதியே போய்ச் சேராது.

உட்பிரிவு இதை இரண்டு முறை படித்தார். முகத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

“அதாவது, தபாலை வாசல்லயே வாங்கி வச்சுக்கறான். உள்ள அனுப்பறது இல்ல.”

“ஆமாங்க சார்.”

“கிழிக்கறதும் இல்ல, திருப்பி அனுப்பறதும் இல்ல.”

“இல்லைங்க சார். பிடிச்சு வச்சுக்கறான், அவ்வளவுதான்.”

“நல்ல நடைமுறை தெரிஞ்ச ஆளா இருக்கானே” என்றார் உட்பிரிவு. அவர் மேசையில் அப்போது பண்ணைக்காரர்களிடமிருந்து வந்த நூற்றுப் பதினாலு கடிதங்கள் பிரிக்கப்படாமல் இருந்தன. “உங்க விளக்கம் திருப்தியா இருக்கு. ஆனா உட்பிரிவு ஒன்பது ‘ஆ’ப்படி, விளக்கம் திருப்தியா இருந்தா விசாரணைக் குழு போட்டாகணும்.”

குழுவில் மூன்று பேர். தலைவர் இயக்குநர். உறுப்பினர் உட்பிரிவு. இன்னொருவர், ஓய்வுபெற எட்டு மாதம் மிச்சமிருந்த மூத்த விஞ்ஞானி. குற்றம்சாட்டப்பட்டவரின் தரப்பையும் கேட்க வேண்டும் என்று உட்பிரிவு தொடக்கத்திலேயே கிடுக்கிப்பிடி போட்டார். வைரஸ் நேரில் ஆஜராக இயலாது என்பதைக் குழு பெருந்தன்மையுடன் ஏற்றது. வைரஸ் சார்பில் பேச ஓர் ஆள் வேண்டும். நிறுவனத்தில் அதை நெருங்கி அறிந்தவள் செல்லம்மா ஒருத்திதான். ஆக, அவள் மேசைக்கு இந்தப் பக்கம் சாட்சியாக உட்கார்ந்து ஒரு கையெழுத்தும், எழுந்து அந்தப் பக்கம் போய் வைரஸின் பிரதிநிதியாக ஒரு கையெழுத்தும் போட்டாள்.

“உங்க கட்சிக்காரர் ஏன் இன்டர்ஃபெரானுக்குக் கட்டுப்படலை?” என்று இயக்குநர் கேட்டார்.

“அதோட பிறவிக் குணம் சார்.”

“வருத்தம் தெரிவிக்கறாரா?”

செல்லம்மா திருதிருவென்று விழித்தாள். “தெரியலைங்க சார்.”

“வருத்தம் தெரிவிக்கவில்லைன்னு எழுதிக்குங்க” என்றார் இயக்குநர். உட்பிரிவு எழுதிக்கொண்டார்.

செல்லம்மா மூத்த விஞ்ஞானியைப் பார்த்தாள். அம்மை வைரஸ் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் அவளே பாடம் கற்றிருந்தாள். “சார், நீங்களாவது சொல்லுங்க சார். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே?”

மூத்த விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரொம்ப நல்ல கேள்விம்மா. எட்டு மாசம் கழிச்சுக் கேளு, சொல்றேன்.”

சரியான முடிவு வரும்வரை சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. செல்லம்மா பதினோரு தடவை செய்தாள். பதினோரு தடவையும் அமுக்கன் பேச்சு மாறவில்லை. இன்டர்ஃபெரானை நூறு மடங்கு கூட்டிப் போடச் சொன்னார்கள். போட்டாள். அந்தப் பாரத்தில் செல்களே வளர்வதை நிறுத்திவிட்டுச் சுருங்கி உட்கார்ந்தன. வைரஸுக்கு வேலை மிச்சம். ‘மருந்தின் வீரியம் மறுக்க முடியாதபடி நிறுவப்பட்டது’ என்று குழு அறிக்கை எழுதிக் கலைந்தது.

இதற்கிடையில் ஊசி வெளியே போய்விட்டது.

செல்லம்மாவின் தம்பி ஊருக்கு வெளியே பன்னிரண்டு கறவை மாடு வைத்திருந்தான். ஒருநாள் காலை அவன் கூப்பிட்டான். “அக்கா, புதுசா வாங்கின செவலைக்கு உடம்பெல்லாம் முடிச்சு முடிச்சா இருக்கு. ஊசி போட்டு மூணு நாளாச்சு. இன்னும் எத்தனை நாள்ல கேக்கும்?”

“எந்த ஊசிடா?”

“உங்க ஊசிதான்.”

அவள் அன்று அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். கொட்டகையில் மாடுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. நடுவில் செவலை. கழுத்திலிருந்து மடிவரை நாவல் பழம் பதித்த மாதிரி கட்டிகள். கண்ணில் நீர் வடிந்தது. தீனித் தொட்டியில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஈ மொய்த்தது, பறந்து பக்கத்து மாட்டின்மேல் உட்கார்ந்தது.

“ஏன்டா இதைப் பிரிச்சுக் கட்டலை? மத்ததுக்கெல்லாம் தடுப்பூசி போட்டியா இல்லியா?”

“எதுக்கு? இந்த ஊசி இருந்தா பிரிக்க வேணாம், தடுப்பூசியும் வேணாம்னு போட்டிருக்கே.” தம்பி தூணில் ஒட்டியிருந்த துண்டறிக்கையைக் காட்டினான். “நீயே சிரிச்சுக்கிட்டு நிக்கறியே இதுல.”

உண்மைதான். துண்டறிக்கையில் செல்லம்மா ஊதாத் தட்டு ஒன்றைக் கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன், நிறுவன ஆண்டு விழாவில் எடுத்த படம். தட்டில் இருந்தது சாது. கீழே, ‘அம்மையை வென்ற ஊசி’ என்று கொட்டை எழுத்து.

“இது பொய்டா” என்றாள்.

தம்பி அவளை ஒருமாதிரிப் பார்த்தான். “அப்ப நீ ஏன் சிரிச்சே?”

 புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செவலையை அவிழ்த்து வேலியோரம் தனியாகக் கொண்டுபோய்க் கட்டினாள். தம்பி தடுக்கவில்லை, ஆனால் நம்பியதாகவும் தெரியவில்லை. “உங்க டைரக்டரே ரேடியோல சொல்றாரு. நீ குப்பி கழுவற இடத்துல இருந்துக்கிட்டு வேற சொல்றே. நான் யாரை நம்பறது?” என்று பின்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தான். அவள் போன பிறகு, மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று செவலையை மறுபடி கொட்டகைக்குள் கட்டிவிட்டான். 

அடுத்த வாரம் மேலிடத்துக் குழு நிறுவனத்தைப் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. இயக்குநர் செல்லம்மாவின் ஆய்வகத்துக்கே நேரில் வந்தார்.

“மூணு தட்டு வைக்கணும். மூணும் ஊதாவா இருக்கணும்.”

“மூணாவது ஊதாவா வராது சார்.”

இயக்குநர் மேசையிலிருந்த அமுக்கனின் தட்டை எடுத்துப் பார்த்தார். “இந்த வரிசையில நாலு குழி ஊதாவா இருக்கே, இது என்ன?”

“அது வைரஸ் போடாத குழி சார். ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு.”

இயக்குநர் அந்த நாலு குழிகளையும் வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. “வைரஸ் போடாட்டி ஊதாவா இருக்கும்.”

“ஆமா சார்.”

“இருபத்துநாலு குழிக்கும் போடாதீங்க.”

விழா நாளில் முற்றத்தில் பந்தல். முன்வரிசையில் மேலிடத்துக் குழு. அதற்குப் பின்னால், ‘பயனாளிகள்’ என்று சட்டையில் அட்டை குத்திய இருபது மாட்டுக்காரர்கள். அவர்களில் செல்லம்மாவின் தம்பியும் ஒருவன். ஊசி வாங்கியவர் பட்டியலில் அவன் பெயர் இருந்ததால் வண்டி அனுப்பிக் கூட்டிவந்திருந்தார்கள். மேசைமேல் மூன்று தட்டுகள், மூன்றும் கத்தரிப்பூ நிறத்தில். செல்லம்மா கையுறையோடு பக்கத்தில் நின்றாள். எதுவும் பேசக் கூடாது, கேட்டால் தலையாட்ட வேண்டும் என்பது உத்தரவு.

இயக்குநர் நாற்பது நிமிஷம் பேசினார். “ஒரு காலத்தில் வைரஸ்கள் தங்கள் இஷ்டத்துக்கு நடந்துகொண்டன. ஏனென்றால் அவற்றைக் கேட்க ஆள் இல்லை. இன்று இந்த நிறுவனத்தில் ஒரு வைரஸ்கூட என் அனுமதியில்லாமல் பெருகுவதில்லை” என்று முடித்தபோது கைத்தட்டல் பந்தலைத் தூக்கியது.

மேலிடத்துக் குழுவின் தலைவர் கொஞ்சம் விவரமான ஆள் போலிருக்கிறது. மூன்றாவது தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “ஒரு ஓட்டைகூட இல்லையே! இதைப் பண்ணின அம்மாவே ஒரு வார்த்தை சொல்லட்டும்.”

ஒலிபெருக்கி அவள் முன்னால் வந்துவிட்டது. இயக்குநர் கண்ணாலேயே தலையாட்டிக் காட்டினார்.  பயனாளிகள் வரிசையில் தம்பி வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுல வைரஸ் போடலைங்க” என்றாள்.

குழுத் தலைவர் தட்டைக் கீழே வைத்தார்.

“அம்மை வைரஸ் போட்டா செல்லெல்லாம் செத்துடுது. பதினோரு தடவை பண்ணிப் பார்த்தேன். இது வைரஸே போடாத தட்டு. அதான் ஊதாவா இருக்கு.”

இயக்குநர் ஒரே எட்டில் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “கேட்டீர்களா! வைரஸே இல்லை என்கிறார்! இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்? மற்ற நாடுகளில் வைரஸை விட்டுவிட்டுத்தான் பிறகு விரட்டுகிறார்கள். நாம் அதை உள்ளேயே விடுவதில்லை!”

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. குழுத் தலைவர் செல்லம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, “எளிமையாச் சொன்னீங்க” என்றார். மூத்த விஞ்ஞானி தரையைப் பார்த்துக்கொண்டே தட்டினார். தட்டாதவன் ஒருத்தன்தான். தம்பி சட்டையிலிருந்த அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, வண்டிக்குக்கூடக் காத்திராமல் நடந்தே வெளியேறினான். அன்று சாயங்காலமே செவலையைத் தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய்த் தனியாகக் கட்டி, சுற்றிலும் வேப்பிலைப் புகை போட்டான்.

மறுநாள் செல்லம்மாவுக்கு இடமாற்றம். அடித்தளத்துக் குளிர் அறைப் பொறுப்பாளர். அங்கே பழைய அம்மைத் தடுப்பூசி நாலாயிரம் மாட்டுக்குப் போதுமான அளவுக்கு அடுக்கியிருந்தது. ஆனால் யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாது. தடுப்பூசி வெளியே போனால் ‘ஒரே ஊசி’க்கு அவமானம் என்று இயக்குநர் ஒரு விதி போட்டுவிட்டார்: ‘தடுப்பூசி கோருபவர், இன்டர்ஃபெரான் ஊசி ஏன் போதாது என்பதற்கு எழுத்து மூலம் காரணம் தர வேண்டும். காரணம் அறிவியல்பூர்வமானது என இயக்குநர் ஏற்ற பின்பே வழங்கப்படும்.’

மாட்டுக்காரர்கள் வந்தார்கள். எழுதிக் கொடுத்தார்கள். ‘மாடு செத்துவிட்டது’ என்று ஒருவர் எழுதினார். ‘காரணம் அறிவியல்பூர்வமாக இல்லை’ என்று திரும்பி வந்தது. ‘பக்கத்து வீட்டில் மூன்று மாடு செத்துவிட்டது’ என்று இன்னொருவர். ‘செவிவழிச் செய்தி’ என்று திரும்பி வந்தது. தம்பி பனிக்கட்டிப் பெட்டியோடு வந்து, ‘என் அக்கா சொன்னாள்’ என்று எழுதினான். ‘உறவுமுறைச் சலுகை’ என்று திரும்பி வந்தது.

“பதினோரு மாடு நிக்குதுக்கா. இன்னும் ஒண்ணுக்கும் வரலை. எப்ப வரும்னு தினமும் தடவித் தடவிப் பாக்கறேன்” என்றான் தம்பி. 

செல்லம்மா பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு குப்பி குறைந்தாலும் உட்பிரிவு எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார்; பிறகு மிச்சத்தையும் முத்திரை வைத்துப் பூட்டிவிடுவார். திருடி ஒரு வீட்டைக் காப்பாற்றலாம், ஊரைக் காப்பாற்ற முடியாது. மேலே இரண்டாவது மாடியில் அவள் வளர்த்த செல்களுக்குத் தீனி ஊற்ற ஆளில்லாமல் பூஞ்சை பிடித்துவிட்டது என்று சேதி வந்ததும் அன்றுதான். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

பத்தாவது நாள் காலையில் அடித்தளப் படிக்கட்டில் விலை உயர்ந்த செருப்புச் சத்தம் கேட்டது. இயக்குநர். அந்த இடத்துக்கு அவர் வருவது அதுவே முதல் தடவை. தாழ்வான உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டார்.

“எப்படிம்மா இருக்கீங்க? இங்க நல்லா குளிர்ச்சியா இருக்குல்ல?”

“ஆமா சார்.”

“ஒண்ணுமில்ல. எங்க மாமனார் பண்ணையில முப்பது மாடு இருக்கு. ரெண்டுக்கு ஏதோ முடிச்சு மாதிரி… மிச்சத்துக்குக் கொஞ்சம் தடுப்பூசி…”

“நம்ம ஊசி போட்டீங்களா சார்?”

இயக்குநர் தலையைத் தடவிக்கொண்டார். “விளையாடாதீங்க. மாமனார் மாடும்மா அது.”

செல்லம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆனால் மாடு என்ன பாவம் செய்தது? “முதல்ல அந்த ரெண்டையும் தனியாக் கட்டச் சொல்லுங்க சார். ஈ, கொசு அண்டாமப் பாத்துக்கணும். குப்பி தர்றேன். ஆனா படிவம் வேணும்.”

“நான் போட்ட விதிதானேம்மா அது!”

“அதனாலதான் சார்.”

அவர் உட்பிரிவைக் கூப்பிட்டார். உட்பிரிவுக்கு விதியைக் கண்டால் இயக்குநரையும் தெரியாது, கடவுளையும் தெரியாது. “எழுதித்தான் ஆகணும் சார். காரணம் அறிவியல்பூர்வமா இருக்கணும். நீங்களே எழுதி, நீங்களே ஏத்துக்கலாம், அதுக்குத் தடை இல்ல. ஃபைல்ல போட்டா யாரு பாக்கப் போறா?”

இயக்குநருக்கு அந்தக் கடைசி வார்த்தை தைரியம் தந்தது. படிவத்தை வாங்கி, செல்லம்மாவின் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். நல்ல அறிவியல் காரணம் ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அது அவள் எழுதிய பழைய விளக்கம். ‘அம்மை வைரஸ், இன்டர்ஃபெரானைச் செல்லின் வாசலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே நமது ஊசி அம்மைக்குப் பயன்படாது. தடுப்பூசி ஒன்றே வழி.’ கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, ‘காரணம் அறிவியல்பூர்வமானது. ஏற்கப்பட்டது.’ மறுபடி கையெழுத்து. முப்பது மாட்டுக்குக் குப்பிகளை வாங்கிக்கொண்டு, இந்த முறை தலையைக் குனிந்து படியேறினார்.

உட்பிரிவு படிவத்தைக் கோப்பில் போடப்போனவர் நின்றார். நெற்றி சுருங்கியது.

“இது முன்னுதாரணம் ஆயிடுச்சே” என்றார்.

“அப்படின்னா என்னங்க சார்?”

“உட்பிரிவு முப்பத்தேழு. ஒரு காரணத்தை ஒருத்தருக்கு ஏத்துக்கிட்டா, அதே காரணத்தை யார் எழுதினாலும் ஏத்துக்கணும். மறுபடி இயக்குநர்கிட்ட அனுப்ப வேண்டியதுகூட இல்ல. இல்லேன்னா பாரபட்சம்.”

செல்லம்மா கோப்புக்குக் கிட்டே வந்தாள். “அப்ப… இதுக்கு ஒரு நகல் கிடைக்குமா சார்?”

“கேட்டா தரணும்” என்றார் உட்பிரிவு, கொஞ்சம் புண்பட்டவராக. “விதி தெரியாம வேலை பாக்கறீங்களே.”

அன்று மதியமே தம்பி வந்தான். இயக்குநர் எழுதியதை எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதினான். பதினோரு மாட்டுக்குக் குப்பி கையில் கிடைத்ததும் அவன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், “துண்டறிக்கையைக் கிழிச்சுட்டேன்” என்று மட்டும் சொன்னான். நகலைக் கொண்டுபோய்ப் பால் சேகரிப்பு நிலையத்தின் சுவரில் ஒட்டினான். மறுநாள் விடிந்ததிலிருந்து அடித்தளப் படிக்கட்டில் வரிசை. பனிக்கட்டிப் பெட்டியும் பேனாவுமாக நூற்றுக்கணக்கான பேர் ஒரே வாசகத்தை எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு உட்பிரிவே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். உட்பிரிவு நாற்பது அதற்கு இடம் தருகிறதாம்.

செவலை தோலெல்லாம் தழும்போடு பிழைத்துக்கொண்டது, பால்தான் வற்றிவிட்டது. மற்ற பதினொன்றுக்கும் ஒன்றும் வரவில்லை.

சேதி மேலே எட்டியபோது பாதிக் குப்பிகள் போயிருந்தன. சுவரில் ஒட்டிய படிவம் போலி என்று சொல்லலாமா என்று இயக்குநர் கேட்டார். முத்திரையும் கோப்பு எண்ணும் இருப்பதால் சொல்ல முடியாது என்று உட்பிரிவு சொல்லிவிட்டார். கடைசியில் மிகவும் யோசித்து ஒரு மறுப்பறிக்கை தயாரித்து, அச்சடித்து, அதையும் பால் சேகரிப்பு நிலையத்தில் ஒட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்: ‘இயக்குநரின் கையெழுத்துடன் ஒரு படிவம் உலவுகிறது. கையெழுத்து இயக்குநருடையதே. ஆனால் அதிலுள்ள கருத்து நிறுவனத்தினுடையது அல்ல. இயக்குநர் அதைத் தம் மாமனாரின் சொந்த மாடுகளுக்காக மட்டுமே எழுதினார்.’

அதுவரை, சுவரில் இருப்பது உண்மையோ பொய்யோ என்று பதினேழு பேர் சந்தேகப்பட்டு வீட்டிலேயே இருந்தார்கள். மறுப்பறிக்கையைப் படித்துவிட்டு, அன்று மதியம் பதினேழு பேரும் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள்.